ஏத்தியரின் வலது கை

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் அகமது கபீர் வீட்டு மேசையின் மேல் வெட்டுண்ட கைகள் முதன்முதலாகக் கிடந்தது 2022ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு. எல்லாம் வலது கை. மணிக்கட்டோடு வெட்டப்பட்டு, பார்வோனின் கூடாரத்துக்கு முன்னால் சின்னக் குவியலாகக் கிடந்தன. கபீர் எறும்பு முட்டை என்று நினைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டான்லி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குள் வாடை வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் கறிக்கடை வாளியில் மிஞ்சிக் கிடக்கும் குடலின் வாடை.

கபீர் இருபத்தாறு வருடம் குவைத்தில் ஒரு குழாய்க் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த வயதான இங்கிலாந்துக்கார இன்ஜினியர் ஒருவருக்கு வெள்ளிக்கிழமைகளில் பழைய எகிப்தின் போர்களை மேசையில் ஆடும் பழக்கம் இருந்தது. எதிரே உட்கார ஆள் கிடைக்காமல் ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டுப் பழக்கினார். ஊருக்குத் திரும்பும்போது பொம்மைப் பெட்டிகளையும் விதிப்புத்தகத்தையும் கபீருக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஓர் அங்குல உயரத்தில் ஈயப் பொம்மைகள், பக்கத்துக்கு நூற்றிருபது. வில்காரர்கள், ஈட்டிக்காரர்கள், இரண்டு குதிரை பூட்டிய தேர்கள். நாலு நாலு பேராகத் தகட்டில், பிரித்து மறுபடி ஒட்டக்கூடிய பசையால் ஒட்டியிருக்கும். மணல் நிறத் துணி விரித்து, தெர்மாக்கோலில் குன்று வைத்து, இஞ்ச் டேப்பால் அளந்து படையை நகர்த்த வேண்டும். இரு படை மோதினால் பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிராளிப் படையில் ஒருவன் சாவான். பொம்மையை எடுத்து ஓரத்தில் படுக்க வைத்துவிடலாம். மெகிதோ போர் என்றால் எதிரிகள் கானானியர், காதேஸ் போர் என்றால் வடக்கிலிருந்து வந்த ஏத்தியர். பொம்மைகள் ஒன்றுதான், பெயர்தான் மாறும். கபீர் எப்போதும் எகிப்து ராஜா பார்வோன் பக்கம். இருபத்தாறு வருடம் ஸ்டோரில் அவரை யாரும் எதைப்பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மேசையில் அவர் சொன்னால் தேர்கள் நகர்ந்தன.

ஸ்டான்லி சார் அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. செத்த ஏத்தியர் பொம்மைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஈயக் கை இருந்தது. ஆகவே குவியலில் கிடந்தவை வேறு கைகள். "அந்தக் காலத்துல எகிப்துக்காரங்க வழக்கம் இது பாய்," என்றார். "எத்தனை பேரக் கொன்னோம்னு காட்ட வலது கைய வெட்டி ராஜா முன்னால குமிச்சிருவாங்க. கோயில் சுவர்ல படமே செதுக்கி வச்சிருக்கான்."

அந்த நேரம் கபீரின் மனைவி ஜாஹிரா பீவி உளுந்தவடைத் தட்டோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்தக் கொண்டாந்து போட்டிருக்கிய?"

"தானா வந்தது," என்றார் கபீர்.

அவள் வடைத் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் வடை தின்னவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தன, அதற்கடுத்த ஞாயிறும் வந்தன. பார்வோன் தோற்ற இரண்டு வாரங்களில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மேசைத் துணியை டெட்டால் போட்டு ஊறவைத்தாலும் வாடை போகவில்லை. திங்கட்கிழமை காலையில் குப்பை வண்டியோடு வரும் உலகம்மையிடம் ஜாஹிரா ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். உலகம்மை பிரித்துப் பார்த்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை என்று அவளுக்குப் பிரிவு உண்டு. "இது மக்குந்தான். இல்லன்னு சொல்லல," என்றாள். "ஆனா நான் எடுக்க மாட்டேன் தாயி. மாட்டுக் கொழுப்பும் எடுத்திருக்கேன், செத்த நாயும் எடுத்திருக்கேன். இதுல வெரல் இருக்கு." ஏத்தியரை எடுத்துக்கொள்ள மையவாடியிலும் இடமில்லை, கல்லறைத் தோட்டத்திலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. ஜாஹிரா வீட்டுக்குப் பின்னால் மதில் ஓரமாகக் கரண்டியால் குழி தோண்டி, பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துணியில் சுற்றிப் புதைத்தாள். வாரா வாரம் ஒரு குழி. குமட்டிக்கொண்டே செய்தாள். செய்து முடித்துக் குளித்தாள்.

தை மாதத்தில் ஒரு நாள், கபீர் பொம்மைக்கு வர்ணம் தீட்ட வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, புதைக்கப் போன கைகளில் ஒன்றை ஜாஹிரா உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஸ்டான்லி சாரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். ஐந்து விரலிலும் நகம் சதை வரை கடிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படித்தான். சண்டைக்கு முந்தின நாளெல்லாம் உட்கார்ந்து நகத்தைக் கடித்திருக்கிறார்கள்.

ஸ்டான்லி சார் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, "முப்பத்திரண்டு வருசம் இத நடத்தியிருக்கேன் தங்கச்சி. காதேஸ் போரில் வென்றவர் யார், ஒரு மார்க் கேள்வி," என்றார். எழுந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் குழாயடியில் முழங்கைவரை கையைக் கழுவினார். கபீரிடம் இனி ஆட வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிரே ஆள் இல்லாமல் போனதும் கபீர் தனியாகவே இரண்டு பக்கமும் பகடை உருட்டினார். கைகள் குவிவதை ஒரு நாள் செல்போனில் படம் பிடித்துப் போட்டார். மூன்று நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நாலாம் நாள் குற்றாலத்திலிருந்து விஜயசங்கர் கார் போட்டு வந்தார். ஐந்தருவிப் பாதையில் லாட்ஜ் வைத்திருப்பவர். சீசனில் அருவியில் குளித்துவிட்டு வரும் கூட்டம் சாயங்காலம் வரை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுகிறது என்பது அவருடைய நெடுநாள் கவலை. மேசைமேல் கிடந்ததைப் பார்த்தபோது அவர் மூக்கைப் பொத்தவில்லை. அதை மட்டும் இங்கே குறித்து வைக்க வேண்டும்.

2023 ஜூன் மாதம் சீசன் தொடங்கிய வாரத்தில், லாட்ஜின் பழைய சாப்பாட்டுக்கூடத்தில் காதேஸ் போர் ஆரம்பமானது. காலை பதினொன்றுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. மேசைக்கு மேலே கேமரா, சுவரில் பெரிய திரை. எதிர் நாற்காலியில் வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஏத்தியரை நடத்தலாம். விதி தெரியாதவர்கள் என்பதால் எல்லாரும் தோற்றார்கள். கபீருக்கு முதுகு உயர்ந்த நாற்காலியும், தெர்மாக்கோலில் வெட்டி நீலம் பூசிய கிரீடமும் கொடுக்கப்பட்டன. அவர் அதை வைத்துக்கொண்டார். மைக்கில் அவரைத் தளபதி பாய் என்று அழைத்தார்கள். ஈரத் தலையும் தோளில் துண்டுமாக, எண்ணெய் வாடையோடு ஜனங்கள் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். மிளகாய் பஜ்ஜி தின்றார்கள், ரம்புட்டான் தோலைக் காலடியிலேயே துப்பினார்கள். ஆறு விழுந்தால் விசில். கடைசியில் கைகள் வரும் நேரம் எல்லாரும் முன்னால் சாய்வார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். ஒருவர் எட்டுக் கைகளை ஐஸ் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனார். வேறொருவர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டினார். பார்க்கும் கூட்டம் பெருகப் பெருகக் கைகளும் பெருத்தன. ஜூலையில் நிலக்கடலை அளவு, ஆகஸ்டில் பேரீச்சம்பழம் அளவு. பொம்மைகள் அதே ஓர் அங்குலந்தான். வேலையாட்கள் கைகளை வாளியில் அள்ளிப் பின்பக்க ஓடையில் கொட்டினார்கள். குற்றாலத்துக் குரங்கு எதையும் விடாது. ஒரு பெரிய கடுவன் குரங்கு ஒரு கையை எடுத்து முகர்ந்து பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த லாட்ஜுப் பக்கம் குரங்குகள் வரவில்லை. மனிதர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை துணி துவைக்க எடுத்தபோது கபீரின் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஜாஹிரா கடலை என்று நினைத்து, வேலை மும்முரத்தில் வாயில் போட்டுவிட்டாள். கடிப்பதற்கு முன்னால் துப்பினாள். தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மதியம் கபீர் வரும்வரை வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் வந்ததும் சொன்னாள்: "ஒங்க பார்வோனு, அந்தக் கொடுமக்காரன் பிர்அவ்னு, யாருன்னு மதரசாவுல ஓதின பிள்ளைக்கிட்ட கேட்டாலும் சொல்லும். அவனுக்கு ஜெயிச்சிக் குடுக்கதுக்கு நீங்க யாரு?"

"வெறும் ஆட்டம்ட்டி இது. பகடை விழுது, அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"பகடை தானாவா உருளுது?"

கபீர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ஜாஹிரா இரண்டு பையில் துணியை எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூரில் தங்கை மாஜிதா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனபின் கபீரின் வலது கை நாற ஆரம்பித்தது. இடது கையில் ஒன்றுமில்லை. சோப்பு, எலுமிச்சம்பழம், சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தார். சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் ஓங்கரித்தது. ஸ்பூனுக்கு மாறினார். கேட்டவர்களிடம் கல்ஃபில் பழகிவிட்டது என்றார். சீசன் முடிந்தபோது ஏழு கிலோ குறைந்திருந்தார். விஜயசங்கர் அடுத்த சீசனுக்குக் கூடத்தை இரண்டு மடங்காக இடித்துக் கட்டினார். அது திறந்த 2024 ஜூனில், செங்கோட்டைப் பாதையில் ஒரு பரோட்டாக் கடையில் ஸ்டான்லி சார் கபீரைப் பார்த்தார். கிட்டப் போகாமல் வெளியே வந்து ஜாஹிராவுக்குப் போன் செய்தார். "தங்கச்சி, பாய் பரோட்டாவ ஸ்பூன்ல வெட்டித் திங்காரு. பாக்க சகிக்கல."

ஜாஹிரா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அந்தப் புஸ்தகம் ஒங்கக்கிட்ட இருக்கா சார்?" என்று கேட்டாள்.

விதிப்புத்தகத்தின் பிரதி ஒன்று ஸ்டான்லி சாரிடம் இருந்தது. அடுத்த மூன்று வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள், அவர் பஸ் ஏறி வீரகேரளம்புதூருக்குப் போய் அதைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னார். மாஜிதா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற முகத்தோடு உள்ளே போய்விடுவாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஜாஹிரா அவரை நிறுத்தினாள். ஒரு படை தன் பக்கத்து மேசை விளிம்பு வழியாக எப்போது வேண்டுமானாலும் களத்தை விட்டு வெளியேறலாம், அதற்குப் பகடை தேவையில்லை என்று அங்கே போட்டிருந்தது.

"அது தோல்வின்னு கணக்கு," என்றார் ஸ்டான்லி சார். "யாரும் அப்படி ஆட மாட்டாங்க."

"தோத்தா என்ன சார்?"

அவர் மறுபடி புத்தகத்தின் பக்கம் குனிந்தார். அடுத்த வரியையும் படித்தார். எதிரி வெளியேறும்போது வென்றவர் விரும்பினால் துரத்தலாம். துரத்துவதற்கு ஒரு பகடை. "விரும்பினால்னுதான் போட்டிருக்கு," என்று இரண்டாம் தடவை சொன்னார்.

ஜூலை மாதம் மூன்றாவது சனிக்கிழமை. அருவிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் விழுந்தது. கூடத்தில் அறுநூறு பேருக்குக் குறையாது. காலை ஆட்டத்தில் வந்த கைகள் கைக்குழந்தையின் கை அளவுக்கு இருந்தன. ஒரு மீன் கூடை நிறைய அள்ளியிருந்தார்கள். நாலு மணிக்கு எதிர் நாற்காலியில் கறுப்புப் பர்தா அணிந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் டேப்பை எடுத்து விரித்த விதத்திலேயே கபீருக்கு ஆள் தெரிந்துவிட்டது. வீட்டில் ஜன்னல் திரைக்கு அவள் அளவெடுப்பது அப்படித்தான். கிரீடத்தைக் கழற்றலாமா என்று நினைத்தார், கழற்றவில்லை.

ஜாஹிரா முதல் முறையிலேயே படை முழுவதையும் தன் பக்கத்து விளிம்பை நோக்கித் திருப்பினாள். தகடு தகடாக, அளந்து அளந்து, பதினைந்து நிமிடம் நகர்த்தினாள். கூட்டத்துக்கு என்ன நடக்கிறதென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஊளையிட்டார்கள். விஜயசங்கர் மைக்கை வைத்துவிட்டு மேசைக்கு வந்தார்.

"அம்மா, ஓடிப்போறதெல்லாம் ஆட்டம் கிடையாது. வெளையாடத் தெரிஞ்சவங்களுக்கு எடத்த விடுங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து ஸ்டான்லி சார் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, வகுப்பில் பாடம் படிக்கும் குரலில் அறுபத்து மூன்றாம் பக்கத்தை வாசித்தார். அடுத்த வரியையும் விடாமல் வாசித்தார். நினைத்திருந்தால் அவர் அதை விட்டிருக்கலாம். ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. துரத்தலாம் என்று கேட்டதும் அறுநூறு பேரும் விரட்டு, விரட்டு என்று கத்தினார்கள். வாய் நிறைய பஜ்ஜியோடு கத்தினார்கள். தோளில் இருந்த பிள்ளைகளும் கத்தின. கபீர் பகடையை எடுத்தார். ஜாஹிராவின் முகத்தைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. காத்திருந்தாள். அவர் உருட்டினார்.

ஐந்து விழுந்தது. பார்வோனின் தேர்கள் கடைசி வரிசையைத் தொட்டன. ஒரே ஒரு பொம்மை சாய்ந்தது, ஒரே ஒரு கை வந்தது. அது முழு ஆள் ஒருவனுடைய கை. மணல் நிறத் துணியின் நடுவில், உள்ளங்கை மேலே பார்க்க, விரல் லேசாக மடங்கிக் கிடந்தது. மயிர் அடர்ந்த மணிக்கட்டு. கட்டைவிரலடியில் கயிறு இழுத்துக் காய்த்த காய்ப்பு. நகம் கடிக்கப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் வெள்ளை எலும்பும் மஞ்சள் கொழுப்பும் தெரிந்தன. மேலே பெரிய திரையில் அது ஒரு வீட்டுக் கதவு அகலத்துக்குத் தெரிந்தது. குவியல் குவியலாகப் பார்த்து விசிலடித்தவர்கள் ஒன்றைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் தின்றதைத் துண்டில் வாந்தியெடுத்தார். பிறகு பக்கத்திலிருந்தவர், பிறகு அவருக்குப் பின்னாலிருந்தவர் என்று வாந்தி ஒரு வரிசையாகப் பின்னால் போனது. கபீர் குனிந்து கிரீடத்துக்குள் வாந்தியெடுத்தார். ஜாஹிரா துணி கொண்டுவந்திருந்தாள். அந்தக் கையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் வருவேன்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அன்றைக்கு ஸ்டான்லி சார்தான் குழி வெட்டினார். கரண்டி போதவில்லை, மண்வெட்டி தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் வந்தாள். கூட்டம் பாதிதான் இருந்தது. கபீர் கிரீடம் வைக்கவில்லை. அவள் மறுபடியும் படையைத் திருப்பி விளிம்பு வரைக்கும் கொண்டுவந்தாள். விரட்டச் சொல்லி ஒன்றிரண்டு குரல்கள் எழுந்தன. விஜயசங்கர் பகடையை எடுத்துக் கபீரின் கையருகே வைத்தார்.

"போறவன் போட்டும்," என்றார் கபீர்.

"பாய், ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"அவங்களையும் போகச் சொல்லும்."

பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது விளிம்பில் நின்ற ஏத்தியர்கள் தகட்டிலிருந்து காலைப் பிய்த்துக்கொண்டு நடந்தார்கள். பசை இழுபடும் சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. தேர்களை அவிழ்த்து, குதிரைகளை வாரால் கட்டி இறக்கி, மேசைக்கால் வழியாகக் கீழே இறங்கி, துப்பிக் கிடந்த தோல்களையும் பஜ்ஜிக் காகிதங்களையும் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக மழைக்குள் போனார்கள். இரத்தம் இல்லை என்றதும் பார்வையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்பே எழுந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். விஜயசங்கர் மறுவாரம் தானே பார்வோனாக உட்கார்ந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் வெறும் தகடுகள்தான் இருந்தன. இப்போது அந்தக் கூடத்தில் எண்ணெய்க் குளியல் நடக்கிறது. எகிப்தியர்கள் நூற்றிருபது பேரும் ஈயமாகவே வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நிற்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபீரும் ஜாஹிராவும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். அவள் சோறு வடித்து, புளிக்குழம்பு ஊற்றி வைத்தாள். ஸ்பூன் வைக்கவில்லை. கபீர் கையை முகர்ந்து பார்த்தார். வாடை இருந்தது. முந்தின நாளைவிடக் கொஞ்சம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு பிசைந்து தின்றார். முழுதாகப் போக நாலு மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு கவளத்துக்கும் முகம் சுளித்தார். ஜாஹிரா எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள், ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஏத்தியர்கள் பத்தாம் நாள் வந்து சேர்ந்தார்கள். ஐந்தருவிப் பாதையிலிருந்து குத்துக்கல்வலசை வரை அவர்களுக்கு அவ்வளவு தூரம். மழைநீர்க் குழாய் வழியாக மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தங்கிவிட்டார்கள். நூற்றுப்பத்தொன்பது பேர்; சனிக்கிழமை சாய்ந்தவன் மட்டும் இல்லை. ஸ்டான்லி சார் நாலைந்து தடவை போய்ப் பேசிப் பார்த்தார். அவர்கள் பேச்சு அவருக்கும் தெரியவில்லை. அவர்களைப் பற்றி நல்லதாக எழுத அதிகம் இல்லை. பல்லியைப் பிடித்து வெட்டி, தோலைத் தொட்டிக் குழாயில் காயப்போடுகிறார்கள். காறித் துப்புகிறார்கள். குதிரைச் சாணத்தைக் கழுவுவதில்லை. சர்க்கரை வைத்தால் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு சண்டையில் ஒருவன் மற்றவன் காதைக் கடித்துவிட்டான். வெயில் ஏறினால் மாடிப்படிவரை முடை நாற்றம் அடிக்கிறது. ஜாஹிரா தினமும் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஒரு மூடித் தண்ணீரும் ஒரு பிடி நொய்யும் வைத்து, திட்டிக்கொண்டே கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறாள். மாடிச் சுவரில் பினாயில் தெளித்தபோது அவர்கள் இருமியதால் அதை நிறுத்திவிட்டாள்.

பொம்மைகளில் பெண் எவளும் இருந்ததில்லை. இப்போது தொட்டிக்கு அடியில் பெண்களும் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்பதை ஸ்டான்லி சாரும் விளக்கவில்லை. இந்தச் சித்திரையில், தென்காசியில் வெயில் உச்சத்தில் இருந்த வாரம், ஜாஹிரா மாடியில் பாய் விரித்து இரண்டு கிலோ வத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தாள். பதினொரு மணி வாக்கில் கொசு ரீங்காரம் மாதிரி ஓர் அழுகை கேட்டு மேலே போனாள். மிளகாய்ப் பாயின் ஓரத்தில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தாள். இரத்தமும் நீரும் மிளகாயில் ஊறியிருந்தன. நஞ்சுக்கொடியை யாரோ ஒருவன் தூக்கி நடுப்பாயில் வீசியிருந்தான். பிள்ளை உளுந்துப் பருப்பு அளவு இருந்தது, தலையெல்லாம் மயிர். ஜாஹிராவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

"கழுத, வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு," என்றாள்.

இரண்டு கிலோ மிளகாயையும் குப்பையில் கொட்டினாள். பாயைக் கழுவி மதிலில் போட்டாள். சுடுதண்ணீர் ஒரு மூடியில் கொண்டுபோய்த் தொட்டிக்கு அடியில் வைத்தாள். மறுநாளிலிருந்து அந்த நிழலோரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, புது மிளகாயைத் தெற்கு மூலையில் காயப்போட்டாள்.